திரைக்கு இந்தப் பக்கம் மிஷின், அந்தப் பக்கம் பீல்

"உன் வயித்தெரிச்சலைக் கொட்டறதுக்கு என் பொண்ணு மூஞ்சிதான் கிடைச்சுதா?"

"வாயை அளந்து பேசுங்க. யாருக்கு வயித்தெரிச்சல்?"

"உனக்குத்தான்டி! ஊருக்கே தெரியும். அந்தப் போட்டோக்காரன் உனக்கு இல்லேன்னு ஆனதுலேர்ந்து பொசுங்கிப் போய்க் கிடந்தே. சமயம் பார்த்து மிஷினை வெச்சு என் பொண்ணு கன்னத்தைத் தேய்ச்சுட்டே!"

இந்தச் சத்தம் கேட்டபோது என் கையில் பிழிந்த துணி இருந்தது. அதை வாளியிலேயே போட்டுவிட்டு ஈரக்கையோடு இறங்கி ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் தெருவில் பாதி பேர் அங்கே நின்றிருந்தார்கள். "ஊருக்கே தெரியும்" என்றாள் அல்லவா, அந்த ஊரில் முக்கால்வாசி நான்தான் என்பதை இங்கே சொல்லத் தேவையில்லை.

கத்தியவள் பேங்க் பெண்ணின் அம்மா. பேங்க் பெண், பெரிய தெருவில் இருக்கும் பேங்கில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பணம் வாங்கிப் போடுகிறவள். சாயங்காலம் வெயில் எல்லாம் இறங்கிவிட்ட பிறகும் அவள் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் ஒடுங்கி நின்றாள். குடைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். இரண்டு கன்னத்திலும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, ஓரங்களில் பழுப்பேறிக் காய்ந்து, மேலே வெள்ளையாகக் களிம்பு அப்பியிருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் எங்கள் தெரு சருமப் பராமரிப்புக் கடையின் மிஷின்காரி. கடை வாசற்படியில், வேலைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அவளுக்குப் பின்னால், கதவில் சாய்ந்துகொண்டு, கையைக் கட்டியபடி நின்றவள் அவளுடைய அண்ணி. இந்த இரண்டு பேரும் சேர்ந்து நடத்தும் கடைதான் அது. சேர்ந்து என்றா சொன்னேன்? அந்த வார்த்தையை நிறுத்தி நிதானமாகப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

முதலில் அந்தக் கடை அண்ணியுடையது. வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகளைக் கடையாக்கி, பீல் போட்டுக்கொண்டிருந்தாள். பீல் என்றால் முகத்தில் ஒரு திரவத்தைப் பிரஷ்ஷால் பூசி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, எடுத்துவிடுவது. அப்புறம் நாலைந்து நாளில் பழைய தோல் மெல்லிசாக உரிந்து, உள்ளேயிருந்து புதுத்தோல் வரும். "ஆசிட்னு சொல்லாதீங்க, பீல்னு சொல்லுங்க" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். நாங்கள் அவளை ஆசிட் அண்ணி என்றுதான் சொல்லுவோம். அவள் காதில் விழாமல்தான்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனுஷன். ஒரே தப்பு, பெண்டாட்டி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த புது நாற்காலியை "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, தங்கச்சிக்கு ஒரு மிஷின் வாங்கிக் கொடுத்தான். வைரத்தூள் பதித்த முனை ஒன்று, அதன் பின்னால் உறிஞ்சும் குழாய். அதைத் தோலில் வைத்து இழுத்தால் செத்த தோலைச் சுரண்டிச் சுரண்டி உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த வேலையைத் தங்கச்சி எங்கேயோ முறையாகப் படித்துவிட்டு வந்திருந்தாள். "வீட்டோட ரெண்டு பேரும் ஒரே கடையில இருந்தா நல்லதுதானே" என்றான் அந்த அப்பாவி. அன்றையிலிருந்து அவன் நிலைமை, இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்ட லிஃப்ட் மாதிரி ஆகிவிட்டது. மேலேயும் போக முடியாது, கீழேயும் வர முடியாது, உள்ளேயிருந்து கத்தினால் யாருக்கும் கேட்காது.

ஆனால் வேலை என்று பார்த்தால், இரண்டும் சேர்ந்தால் பிரமாதம். அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு வார்னிஷ் அடித்தால் எப்படிச் சட்டென்று குடிக்கும்? அதே மாதிரி, மிஷின் ஓட்டி மேல்தோலைத் தேய்த்துவிட்டு அதே உட்காரலில் பீல் போட்டால் உள்ளே நன்றாக இறங்கும். அதனாலேயே பீலைக் குறைக்கவும் வேண்டும். மிஷின் ஓட்டாத முகத்துக்குப் பெரிய பாட்டில். ஓட்டிய முகத்துக்குச் சின்ன பாட்டில், அதுவும் பாதி நேரம். எங்கே எத்தனை ஓட்டு ஓட்டினார்கள், எந்த இடத்தில் தோல் மெலிந்திருக்கிறது என்று மிஷின் பிடித்த கை சொல்ல வேண்டும், பிரஷ் பிடித்த கை கேட்க வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம். தெருவில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவாள். எல்லோரும் அங்கே போய் வந்தவர்கள்தானே.

சொல்ல வேண்டும், கேட்க வேண்டும். அங்கேதான் வம்பு.

மிஷின் ஓட்டுவது முன் அறையில். அங்கே ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. மிஷின் ஓட்டி முடித்து எழுந்தவர்கள் அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் உள் அறைக்குப் போக வேண்டும். மிஷினின் பளபளப்பு உடனே தெரியும். "அய்யோ, என் முகமா இது!" என்று அங்கேயே நின்று கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் திரையை விலக்கிக்கொண்டு உள் அறைக்குப் போனால் அண்ணி பீல் போடுவாள். எரியும். அரிக்கும். சிவந்து போகும். பயந்துபோவார்கள் என்று அண்ணி அங்கே கண்ணாடியே வைக்கவில்லை. அவளுடைய வேலை பலன் தருவது ஒரு வாரம் கழித்து, அவரவர் வீட்டில், குளியலறையில். அங்கே நின்று யார் "அண்ணி, அருமை" என்று சொல்லப்போகிறார்கள்?

"வேலை செய்யறது என் பீல். பேர் வாங்கறது அவ மிஷின்" என்று அண்ணி என்னிடமே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. வருகிற பெண்களெல்லாம் மிஷின்காரியை அக்கா என்பார்கள், அண்ணியை ஆன்ட்டி என்பார்கள். "இவளுக்கும் எனக்கும் நாலு வயசுதான் வித்தியாசம்! நான் எப்படி ஆன்ட்டி?" என்பாள். உண்மைதான். ஆனால் கையில் பாட்டிலும் முகத்தில் கடுகடுப்பும் இருந்தால் யாரும் ஆன்ட்டிதான்.

ஒரு நாள் பாட்டு டீச்சர் அந்தக் கண்ணாடி முன்னால் நின்று மிஷின்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு புகழ்ந்து தள்ளியிருக்கிறாள். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணி, "ஒரு வாரம் கழிச்சுத் தோல் உரியும், அப்போ பார்த்துட்டுச் சொல்லச் சொல்லு" என்றாள். மிஷின்காரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்க அண்ணி பீல் வெங்காயம் உரிக்கிற மாதிரி டீச்சர். உரிக்கறவங்களுக்கும் அழுகை, உரிபடறவங்களுக்கும் அழுகை" என்றாள். பாட்டு டீச்சர் ராகம் போட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என் வீட்டுச் சமையலறை வரைக்கும் கேட்டது. என் ஜன்னலும் அவர்கள் உள் அறை ஜன்னலும் ஒரே சந்துக்குள் திறக்கின்றன. நான் போய் ஒட்டுக்கேட்பதில்லை, அதுவாக வருகிறது.

அன்றோடு அண்ணியும் நாத்தனாரும் பேச்சை நிறுத்தினார்கள். கடையை நிறுத்தவில்லை. வேலை நடக்க வேண்டுமே? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வந்த ஆள் மூலமாகவே சொல்லி அனுப்புவது.

"அவங்ககிட்ட சொல்லுங்க, நெத்தியில ஒரு ஓட்டுதான் ஓட்டியிருக்கேன்னு."

வந்த ஆள் துடைத்த முகத்தோடு திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய், "நெத்தியில ஒரு ஓட்டாம்."

"மூக்கோரம் எப்படின்னு கேட்டுட்டு வாங்க."

திரும்பவும் வெளியே. "மூக்கோரம் கேட்கறாங்க."

"தொடவே இல்லேன்னு சொல்லுங்க."

உடற்பயிற்சிக்கூடம் நடத்தும் ஒருத்தி, ஒரே உட்காரலில் நாலு தடவை நடந்துவிட்டு, "இங்கே வந்தா முகத்தோட இடுப்பும் இளைக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகப்போக எல்லோருக்கும் பழகிவிட்டது. சிலருக்கு அது ஒரு ருசியாகக்கூட இருந்தது. காசு கொடுத்து முகமும் பளபளப்பாகி, இரண்டு பேர் சண்டைக்குத் தூதும் போகலாம் என்றால் யாருக்குக் கசக்கும்?

இந்த இடத்தில் போட்டோக்காரனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தெருமுனையில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். கடைக்கு வருகிறவர்களை வைத்தியத்துக்கு முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம் எடுத்துத் தருவதற்கு மிஷின்காரி அவனை வரச்சொல்வாள். முன்னால் படம் எடுக்க வந்தவன் பின்னால் படம் வரைக்கும் உட்கார்ந்திருப்பான். நடுவில் டீ வரும். சிரிப்பு வரும். இப்படியே ஒரு வருஷம் போனது. நாங்கள் தெருவில் அவர்களுக்குக் கல்யாணமே பண்ணிவைத்துவிட்டோம், சாப்பாடு போடுவது ஒன்றுதான் பாக்கி. திடீரென்று ஒரு நாள் அவன் வீட்டில் சொந்தத்துக்குள் பேசி, பேங்க் பெண்ணை நிச்சயம் செய்துவிட்டார்கள். அவன் மறுத்து ஒரு வார்த்தை சொன்னதாகத் தகவல் இல்லை. விசாரித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

மிஷின்காரி அழுதாளா? யாரும் பார்க்கவில்லை. முன்னைவிட அதிகமாகச் சிரித்தாள், அதைத்தான் பார்த்தோம். அது அழுகையைவிட மோசம். அதே சமயத்தில் பெரிய தெருவில் புதிதாக மருத்துவமனை கட்டியிருக்கும் தோல் டாக்டர், அவள் கைவேலையைப் பார்த்துவிட்டு, "அடுத்த மாசத்துலேர்ந்து எங்கிட்ட வந்துடு" என்று சொல்லியிருந்தாள். அண்ணியின் திரைக்கும் போட்டோக்காரனின் தெருமுனைக்கும் நடுவிலிருந்து வெளியே போக அவளுக்கு இருந்த ஒரே கதவு அது.

அப்படி இருக்கும்போதுதான் பேங்க் பெண் கல்யாணத்துக்கு முகம் செய்துகொள்ள வந்தாள். அம்மா கூட வரவில்லை. எங்கள் தெருவில் வேறு கடை இல்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் பிறகு அவள் வாயாலேயே சொன்னாள்.

அன்று நான் சமையலறையில்தான் இருந்தேன். சந்து வழியாக எல்லாம் தெளிவாகக் கேட்டது. "கன்னத்துல இந்தக் குழியெல்லாம் தெரியவே கூடாதுக்கா. நல்லா ஓட்டுங்க" என்கிறாள் இவள். "கூட ஓட்டினா தோல் மெலியும்மா" என்கிறாள் அவள். "பரவால்ல, ஓட்டுங்க." அப்புறம் மிஷின் சத்தம், வழக்கத்தைவிட நீளமாக. அப்புறம் சத்தம் நின்றது. சரி, இனிமேல்தான் விஷயம் என்று காதைத் தீட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் மிக்சியைப் போட்டுவிட்டார். இருபது வருஷமாகச் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன், அன்றைக்கென்று தனக்கு ஜூஸ் அடித்துக்கொள்ளத் தோன்றியிருக்கிறது. மிக்சி நின்றபோது உள் அறையில், "எரியுதா?" என்று அண்ணி கேட்பதும், "எரியுது, பரவால்ல" என்று பேங்க் பெண் சொல்வதும் கேட்டது. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. மூன்றாம் நாள் வாசலில் கத்தல்.

இப்போது வாசலுக்குத் திரும்புவோம்.

"இங்கேர்ந்து நேரா அந்த டாக்டரம்மாகிட்டதான் போகப்போறேன்" என்றாள் பேங்க் பெண்ணின் அம்மா. "உன்னை வேலைக்குச் சேர்த்துக்கறாங்களாமே? எங்க வீட்டுப் பொண்ணுக்கு இவ வேணும்னே செஞ்சான்னு சொல்றேன். அங்க இல்ல, எந்தக் கடையிலயும் நாளைக்கு உன்னை ஒருத்தரும் மூஞ்சியைத் தொட விடமாட்டாங்க. பார்த்துக்கோ!"

மிஷின்காரியின் முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாக ரத்தம் வற்றியது. அந்தத் தொழிலில் கைத்தப்பு வந்தால் மன்னிப்பார்கள். வேண்டுமென்று செய்தவள் என்று பேர் வந்துவிட்டால் அப்புறம் யார் கண்ணை மூடிக்கொண்டு அவள் முன்னால் படுப்பார்கள்? கூட்டத்தில் யாரும் அவளுக்காக வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் மனசுக்குள், இருக்கும், இருக்கும் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும்.

போட்டோக்காரன் அங்கேதான் நின்றான். வருங்கால மாமியார் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள், சாட்சிக்கு. இரண்டு பக்கமும் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவன் மெதுவாக வாயைத் திறந்தான்.

"அத்தை, கல்யாணப் படத்துல தெரியாது அத்தை. லைட்டிங்ல சரி பண்ணிடலாம்."

"நீ சும்மா இருப்பா! நீ கட்டிக்கப் போறது பொண்ணையா, படத்தையா?"

அவன் திரும்பவும் செருப்புக்குள் போய்விட்டான்.

மிஷின்காரி ஒரு படி கீழே இறங்கினாள். குரலை உயர்த்தவில்லை. "இங்க பாருங்க. கன்னத்துல கூட ஓட்டினேன், ஆமாம். அவளே கேட்டா, ஓட்டினேன். கூட ஓட்டியிருக்கேன், சின்ன பாட்டில்தான் போடணும், போட்ட சூட்டோட எடுத்துடணும்னு சொல்லி அனுப்பினேன். சொல்லாம அனுப்பற பழக்கம் எனக்கு இல்ல."

எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். அண்ணி கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். யாரையும் பார்க்காமல், தெருவிளக்குக் கம்பத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்கு எதுவும் வந்து சேரல. பக்கத்து வீட்டு மிக்சி சத்தத்துல திரைக்கு அந்தப் பக்கம் பேசினதும் கேட்கல. என்ன சொல்லி விட்டாங்கன்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லலேன்னு பதில் வந்துச்சு. ஒண்ணும் சொல்லலேன்னா மிஷின் லேசாத்தான் ஓட்டியிருக்கும்னு பெரிய பாட்டிலை எடுத்தேன்."

"பார்த்தியா! பொய் சொல்றா!" என்று அம்மா மிஷின்காரியைப் பார்த்துப் பாய்ந்தாள்.

அப்போது கூட்டத்துக்கு நடுவிலிருந்து பாட்டு டீச்சர்தான் கேட்டாள். பாவம், கெட்ட எண்ணமே இல்லாமல் கேட்டாள்.

"சொல்லி அனுப்பினேன்னா, யார்கிட்ட சொல்லி அனுப்பினே?"

எங்கள் எல்லோருக்கும் தெரியும், அந்த இரண்டு அறைக்கு நடுவில் தூது போவது யார் என்று. நாங்களே எத்தனை தடவை போயிருக்கிறோம். ஒவ்வொரு தலையாகத் திரும்பி அந்தக் குடையைப் பார்த்தது.

குடை கொஞ்சம் கீழே இறங்கியது. அப்புறம் இன்னும் கொஞ்சம்.

"என்னடி?" என்றாள் அம்மா. குரல் பாதியாகியிருந்தது. "சொல்லேன்."

"சொன்னாங்க" என்றது குடைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"என்ன சொன்னாங்க?"

"சின்ன பாட்டில் போடச் சொன்னாங்க. சீக்கிரம் எடுக்கச் சொன்னாங்க. நான்தான் உள்ள போய்ச் சொல்லல."

"ஏன்டி சொல்லல?"

குடையை மடக்கினாள். களிம்பு பூசிய முகத்தோடு எல்லோரையும் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. களிம்பில் இறங்கினால் எரியும் என்று தலையை அண்ணாந்து கண்ணை அகல விரித்துக்கொண்டே பேசினாள். பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"எல்லாருக்கும் நல்லாப் போடறாங்க, எனக்கு மட்டும் ஏன் சின்ன பாட்டில்னு நெனச்சேன். நான் கல்யாணத்தன்னிக்கு நல்லா இருந்துடக் கூடாதுன்னுதான் குறைக்கச் சொல்றாங்கன்னு நெனச்சேன். அவர் ஸ்டூடியோவுக்குப் போயிருக்கேன்மா. செவுரு பூரா படம் மாட்டியிருக்கு, முன்னால் படம், பின்னால் படம்னு. எல்லாப் படத்துலயும் யாரோட தாடையையாவது பிடிச்சுக்கிட்டு இவங்க கை இருக்கு. அத்தனை முகம், ஒரே கை. மருதாணி வெச்ச கை, வெக்காத கை, வளையல் போட்ட கை. அதைத்தான் அவர் அத்தனை நாள் பார்த்துக்கிட்டு இருந்திருக்கார். அதான் இங்கயே வந்து, இவங்க கையாலயே இவங்களைவிட அழகா ஆகிக் காட்டணும்னு வந்தேன்."

போட்டோக்காரனின் செருப்பு ஒரு அடி பின்னால் போனது.

மிஷின்காரி தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

"எனக்குப் பொறாமை இல்லேன்னு நான் சொல்லமாட்டேன். நீ நிச்சயத்துக்குப் போட்டிருந்த புடவை என்ன நிறம்னுகூட எனக்குத் தெரியும். ஆனா முனையைக் கையில எடுத்துட்டா எனக்கு யார் மூஞ்சியா இருந்தாலும் வெறும் தோல்தான். அதுல நான் விளையாடமாட்டேன். நீதான் உன் தோல்ல விளையாடிட்டே."

அம்மா மகளை அடிக்கக் கை ஓங்கினாள். எங்கே அடிப்பது என்று தெரியாமல் கையைக் கீழே போட்டாள். கன்னத்தில் இடமில்லையே.

அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் கிளம்ப இருந்தோம். அப்போதுதான் அண்ணி படியிறங்கி வந்தாள். நேராக நாத்தனார் முன்னால் வந்து நின்றாள். நடுவில் யாரும் இல்லை.

"அவ சொல்லலேன்னா என்ன?" என்றாள். "கன்னம் ஏற்கெனவே செவந்திருந்துச்சு. நான் பார்த்தேன். இவ்வளவு செவந்திருக்கே, எத்தனை ஓட்டு ஓட்டினேன்னு திரையை விலக்கி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. உன்கிட்ட நான் ஏன் கேட்கணும்னு முழுங்கிட்டேன்."

மிஷின்காரி வாயைப் பிளந்தாள். சென்ற மழைக்காலத்துக்கு முன்னாலிருந்து இன்று வரை அண்ணி அவளிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் இது.

"செவந்திருந்ததைப் பார்த்தும் பெரிய பாட்டிலை எடுத்தீங்களா அண்ணி?"

"பெரிய பாட்டில்னாலும் சீக்கிரமா எடுத்துட்டேன்டி."

"எங்க சீக்கிரம்? உள்ள டைமர் மணி அடிச்ச அப்புறமும் எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? நான் இங்க நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்!"

"கேட்டுக்கிட்டு இருந்தேன்னா வந்து சொல்ல வேண்டியதுதானே? உனக்குக் காலில்லையா?"

"நான் வந்தா நீங்க மூஞ்சியைத் திருப்பிக்குவீங்க!"

"திருப்பிக்கிட்டா என்ன, காதும் சேர்ந்தா திரும்பிடும்? வெங்காயம்னு சொன்னவதானே நீ!"

"ஒரு வார்த்தை சொன்னேன், அதுக்கு வருஷம் பூராவா?"

"பாட்டு டீச்சர் முன்னாலயா சொல்லுவே?"

பாட்டு டீச்சர் நைசாக நகர்ந்துவிட்டாள். நாத்தனாரும் அண்ணியும் அந்த வாசலில் அப்படி ஒரு சண்டை போட்டார்கள், நேருக்கு நேர், மூச்சு வாங்க வாங்க. நாற்காலி வந்தது, மிஷின் வந்தது, ஆன்ட்டி வந்தது, கண்ணாடி வந்தது. லிஃப்ட்காரன் வேலை முடிந்து வந்தவன், கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்து, "பேசறாங்களா?" என்று என்னிடம் கேட்டான். "பேசறாங்க" என்றேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தில் அத்தனை நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. பேங்க் பெண்ணையும் அம்மாவையும் யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் எப்போது போனார்கள் என்று எனக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை பேங்குக்குப் போகாமல் அந்தப் பெண் தனியாகத் தோல் டாக்டரிடம் போயிருக்கிறாள். குடையோடுதான். "என் தப்புதான், அவங்க சரியாத்தான் சொன்னாங்க" என்று சொல்லியிருக்கிறாள். டாக்டர் அவளை உட்கார வைத்து ஒரு மணி நேரம் வெயிலைப் பற்றியும் களிம்பைப் பற்றியும் பேசிவிட்டு, மிஷின்காரிக்கு ஆள் அனுப்பினாளாம். இந்தத் தகவல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் பெண் மூலம் வந்தது. அவள் என் வீட்டுக்காரருக்குத் தூரத்து உறவு. அந்த உறவை நான் அன்றுதான் கண்டுபிடித்தேன்.

கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள். முகம் ஆறியது. இடது தாடையோரம் ஒரு காசளவு கறுப்பு மட்டும் நின்றுவிட்டது, அதுவும் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். எல்லோரும் உற்றுத்தான் பார்த்தோம். தாலி கட்டும் முன்பே ஸ்டூடியோச் சுவரிலிருந்து அந்த முன்னால் படமும் பின்னால் படமும் மொத்தமாக இறங்கிவிட்டன. அந்த இடத்தில் குழந்தைகள் படமும் ஒரு நீர்வீழ்ச்சியும் ஏறின.

மிஷின்காரி டாக்டரிடம் சேர்ந்தாள். ஆனால் இங்கே இல்லை, டாக்டர் வேறொரு ஊரில் திறந்த இன்னொரு மருத்துவமனையில். அவளே கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அங்கே மிஷினும் அவள்தான், பீலும் அவள்தான். தனக்குத் தானே சொல்லி அனுப்பிக்கொள்ளலாம், யாரும் இடையில் முழுங்க முடியாது. மிஷினின் உறிஞ்சுகுழாய் அடைத்துக்கொண்டபோது சரிபண்ண வந்த ஒருத்தர், அடைப்பு எடுத்த பிறகும் மாதாமாதம் வந்து பார்த்துக்கொண்டே இருந்தாராம். கடைசியில் அவரையே கட்டிக்கொண்டாள். எங்களுக்கெல்லாம் அழைப்பு வந்தது. மாப்பிள்ளை கொஞ்சம் கட்டை, ஆனால் செருப்பைப் பார்த்துப் பேசுகிற ஆள் இல்லை.

அண்ணி திரையைக் கழற்றிவிட்டாள். அந்த ஆளுயரக் கண்ணாடியை உள் அறைக்கு மாற்றிக்கொண்டாள். புது நாற்காலியும் வந்துவிட்டது. மிஷின் வேண்டும் என்று யாராவது கேட்டால், "அது என் நாத்தனார் கை வேலை, அவளை மாதிரி ஓட்டறதுக்கு ஆள் இல்ல" என்கிறாள். மிஷின்காரி இந்த ஊரில் இருந்தவரைக்கும் இந்த வார்த்தையைக் கேட்க என்ன பாடுபட்டிருப்பாள். இப்போது ராத்திரி சாப்பாடு முடிந்தால் இரண்டு பேரும் போனில் உட்கார்ந்துவிடுகிறார்கள். எந்தத் தோலுக்கு எந்தப் பாட்டில், எத்தனை ஓட்டு என்று பேச்சு நீண்டுகொண்டே போகிறது. லிஃப்ட்காரன், "என்கிட்ட இவ இவ்வளவு பேசினதே இல்ல" என்று என் வீட்டுக்காரரிடம் குறைப்பட்டுக்கொள்கிறான். அவனுக்கு இப்போது தங்கச்சி மேல் பொறாமை வந்திருக்கிறது.

பேங்க் பெண்ணுக்கும் மாற்றல் வந்தது. எந்த ஊருக்கு என்று நினைக்கிறீர்கள்? அதே ஊருக்குத்தான். போட்டோக்காரன் ஸ்டூடியோவை மூடிவிட்டு அவள் பின்னாலேயே போய்விட்டான். தாடையோரக் கறுப்புக்கு அவள் மாதம் ஒரு தடவை மிஷின்காரியிடம்தான் போகிறாளாம், வேறு யாரையும் முகத்தைத் தொட விடுவதில்லை. அண்ணிதான் சொன்னாள். ஆனால் ஒன்று, போகும்போது தனியாகத்தான் போகிறாள். புருஷனை வாசல் வரைக்கும்கூடக் கூட்டிக்கொண்டு போவதில்லை.